பத்தாயிரம் பிள்ளைகள், ஒரு ஆவணப்படம், சில குறைகள்: கேள்வி பதில்

'இன்டு தி ஆர்ம்ஸ் ஆஃப் ஸ்ட்ரேஞ்சர்ஸ்' 2000-இல் வந்த படம். மார்க் ஜொனாதன் ஹாரிஸ் இயக்கினார், ஜூடி டென்ச் குரல் கொடுத்தார். அடுத்த ஆண்டே சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் கிடைத்தது. அதன் மீதான விமர்சனங்களைப் பற்றி வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

சார், நான் படம் பார்க்கவில்லை. எதைப் பற்றியது?

1938 நவம்பரில் ஹிட்லரின் ஜெர்மனியில் நாஜிகள் யூதர்களின் கடைகளையும் தொழுகைக்கூடங்களையும் அடித்து நொறுக்கினார்கள். அதன் பிறகு அங்கிருந்து தப்பி வரும் 17 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மட்டும் பிரிட்டன் கதவைத் திறந்தது. டிசம்பர் 2 அன்று முதல் கூட்டம் ஹார்விச் துறைமுகத்தில் இறங்கியது. போர் மூளும்வரை சுமார் 10,000 பேர் வந்தார்கள். முதுமையடைந்த அந்தப் பிள்ளைகள்தான் படத்தில் பேசுகிறார்கள்.

எல்லோரும் பாராட்டிய படத்தில் வரலாற்றாசிரியர்களுக்கு என்ன குறை?

படத்தை விட, அது வளர்த்துவிடும் நினைவின் மீதுதான் குறை. பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் டோனி குஷ்னர் போன்றவர்கள் சொல்வது இதுதான்: 'குழந்தைகளைக் காப்பாற்றிய நாடு' என்று பிரிட்டன் தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ள இந்தக் கதை ரொம்ப வசதி. பிள்ளைகளை உள்ளே விட்ட அதே அரசு பெற்றோரை உள்ளே விடவில்லை. ஒரு பிள்ளைக்கு 50 பவுண்டு உத்தரவாதம் கேட்டது. பணத்துக்கு அலைந்தது யூத அமைப்புகளும் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரும்தான். படம் இதை மறைக்கவில்லை. ஆனால் இசையும் டென்ச்சின் கனிந்த குரலும் சேரும்போது பார்ப்பவர் மனதில் தங்குவது நன்றியுணர்வு. அங்கே விமர்சகர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

அப்படியானால் கசப்பே இல்லாத படமா?

அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். லோரி கான் பேசும் இடத்தைப் பாருங்கள். அன்று ஜெர்மனியில் இருந்த பிரெஸ்லாவ் நகரில், பிள்ளைகளை ஏற்றிய ரயில் நகரத் தொடங்குகிறது. ஜன்னல் வழியே அப்பா மகளின் கையைப் பிடித்திருக்கிறார், விட மனமில்லை. அப்படியே அவளை வெளியே இழுத்துவிடுகிறார். பாசத்தில் செய்ததுதான். அவள் பிறகு நாஜிகளின் முகாம் முகாமாகப் போக வேண்டியதாயிற்று. அதைச் சொல்லும்போது அப்பா மீது அவருக்குக் கோபமில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. அப்புறம், வளர்ப்பு வீட்டில் வேலைக்காரி போல நடத்தப்பட்ட பெர்த்தா லெவர்டன் இருக்கிறார். போர் மூண்ட பிறகு பிரிட்டனே 'எதிரி நாட்டவன்' என்று முத்திரை குத்த, டுனேரா கப்பலில் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்ட அலெக்சாண்டர் கார்டனும் இருக்கிறார்.

உங்களுக்கென்று ஏதாவது குறை உண்டா, அண்ணா?

உண்டு, ஆட்களைத் தேர்ந்தெடுத்த விதத்தில். வந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் பெற்றோரை மறுபடி பார்க்கவே இல்லை. படத்திலோ அப்படி வந்த லோர் சீகலின் அம்மாவே உட்கார்ந்து பேசுகிறார். பெர்த்தாவின் பெற்றோர் வந்து சேர்கிறார்கள், குர்ட் ஃபுக்ஸலின் பெற்றோர் போருக்குப் பின் கிடைக்கிறார்கள். குர்ட்டுக்கு அதற்குள் ஜெர்மன் மறந்துபோயிருந்தது, அது வேறு வேதனை. ஆனாலும் விகிதம் இடிக்கிறது. வேடிக்கை என்னவென்றால், தயாரிப்பாளர் டெபோரா ஓப்பன்ஹைமரின் அம்மாவே இப்படி வந்து பெற்றோரை இழந்தவர். அதைப் பற்றி வீட்டில் வாயே திறக்காதவர். அவர் இறந்த பிறகு கிடைத்த கடிதங்களிலிருந்துதான் படமே பிறந்தது. பேசாதவர்களின் கதையைப் பேசுபவர்களை வைத்துத்தானே எடுக்க முடியும்?

வேறு படம் ஏதாவது?

மெலிசா ஹேக்கர் 1996-இல் எடுத்த 'மை நீஸ் வேர் ஜம்பிங்' படத்தைத் தேடிப் பாருங்கள். அவருடைய அம்மாவும் இப்படி வந்தவர்தான். இவ்வளவு மெருகு இருக்காது.

என் பத்து வயது மகளுக்குக் காட்டலாமா?

கூடவே உட்காருங்கள். லோர் சீகலுக்கும் அப்போது பத்து வயது. கிளம்பும் முன் என்ன வேண்டும் என்று அம்மா கேட்க, சாசேஜ் என்கிறாள். அம்மா தேடி வாங்கி வந்து கட்டிக் கொடுக்கிறார். வழியில் சாப்பிட முடியவில்லை. இங்கிலாந்து வந்தபின் அது கெட்டு நாறுகிறது. தின்னவும் முடியாமல் எறியவும் மனமில்லாமல் வைத்திருக்கிறாள். உங்கள் மகள் கேள்வி கேட்டால் அங்கேதான் கேட்பாள்.