டேட்டா பைண்டிங் என்றால் என்ன? சர்வரில் உள்ள தரவு திரைக்கு எப்படி வருகிறது?

நிரலில் ஒரு தரவை வைத்திருக்கும் பெயரிட்ட பெட்டியை 'மாறி' என்போம். அதையும் அது திரையில் தெரியும் இடத்தையும் முடிச்சுப் போட்டு வைப்பதுதான் டேட்டா பைண்டிங். மாறியின் பெறுமதி மாறினால் திரையும் தானாக மாறும்.

ஏன் இது? சர்வர் என்பது தொலைவில் உள்ள கணினி; அதிலுள்ள தரவு கேட்டவுடன் கிடைப்பதில்லை; பக்கம் திறந்து கொஞ்சம் கழித்துத்தான் வரும். பைண்டிங் இல்லையென்றால், வந்த தரவை, ஒரு விலை என்று வைப்போம், எங்கெங்கே காட்டுவது என்று நீங்களே கோட் எழுத வேண்டும். மூன்று இடத்தில் தெரிய வேண்டிய விலையில் ஓரிடத்தை மறந்துவிடுவோம். நான் மறந்திருக்கிறேன்.

வெள்ளவத்தையில் ஒரு நாணயமாற்றுக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். முதலாளி கோல் எடுத்து இன்றைய டொலர் விலையைக் கேட்டுக் கொப்பியில் எழுதுகிறார். கொப்பியையே பார்த்துக்கொண்டிருக்கும் பொடியன், வாசல் பலகையில் டொலர் வரியை மட்டும் அழித்துப் புது விலையை எழுதுகிறான். யூரோ வரியைத் தொடுவதில்லை. கோல்தான் சர்வருக்குப் போகும் கோரிக்கை, கொப்பிதான் மாறி, பலகைதான் திரை. பொடியன்தான் பைண்டிங். பதில் வரும்வரை கொப்பி வெறுமையாக இருக்கும். அதுவரை பலகையில் 'சற்றுப் பொறுங்கள்' என்று போட்டுவையுங்கள். கோல் கிடைக்காவிட்டால் என்ன காட்டுவது என்பதையும் முன்பே யோசியுங்கள்.

இணையப் பக்கத்தின் திரையைக் கட்ட உதவும் கருவிகளான ரியாக்ட், வியூ, ஆங்குலர் எல்லாவற்றிலும் இந்தப் பொடியன் இருக்கிறான், வேலை செய்யும் விதம்தான் வேறு.

பைண்டிங் போட்டால் சர்வரில் விலை மாறியதுமே திரையும் மாறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். மாறாது, பொடியன் பார்ப்பது கொப்பியை மட்டும்தான், ஆகவே முதலாளி மறுபடி கோல் எடுக்க வேண்டும், அல்லது வெப்சாக்கெட் போல மறுமுனையே அழைத்துச் சொல்லும் ஏற்பாடு வேண்டும்.