டைப் 0, டைப் 2 என்று சொல்லிக் காசு கேட்டால்

கேள்வி: தருமபுரியில் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். எங்கள் ஊர் பட்டுக்கூடு ஏலத்தை மாதிரியாக வைத்து சாலிடிட்டி மொழியில் ஒரு ஸ்மார்ட் கான்ட்ராக்ட் (எத்திரியம் பிளாக்செயினில் தானாக ஓடும் நிரல்) எழுதியிருக்கிறோம். அதை ஏற்றித் தருவதாகச் சொன்ன ப்ராஜெக்ட் சென்டர்காரர், "எத்திரியத்தில் டைப் 0 முதல் 4 வரை ஐந்து வகை டிரான்சாக்‌ஷன் உண்டு, ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம், லாட் விலையைப் பார்த்தாலே கேஸ் (நெட்வொர்க் கட்டணத்தைக் கணக்கிடும் அலகு) போகும்" என்று சொல்லி 14,000 ரூபாய் கேட்கிறார். வாலட்டைத் திறக்கும் 12 ரகசியச் சொற்களையும் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். பணத்தைவிட முக்கியமாக அந்த 12 சொற்களை. அவை யார் கையில் இருக்கின்றனவோ, வாலட் அவருடையது. ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டீர்கள் என்றால் இன்றைக்கே புது வாலட் தொடங்கி, பழையதில் இருப்பதை அதற்கு மாற்றிவிடுங்கள். பாஸ்வேர்டை மட்டும் மாற்றிப் பயனில்லை. அது உங்கள் போனில் இருக்கும் செயலிக்குத்தான் பூட்டு.

சரி, அந்த ஐந்து வகை. ஐந்து இருப்பது உண்மைதான். ஆனால் அவை டிரான்சாக்‌ஷனைக் கட்டி அனுப்பும் உறையின் வடிவங்கள். 0 என்பது பழைய வடிவம். 2021 ஆகஸ்டில் வந்த லண்டன் மேம்படுத்தலில் டைப் 2 சேர்ந்தது. கட்டணத்தை அடிப்படைத் தொகை, முன்னுரிமைத் தொகை என்று பிரித்துக் கணக்கிடும் முறை அது. இன்று வாலட்டுகள் பெரும்பாலும் இதைத்தான் அனுப்புகின்றன, உங்களைக் கேட்பதுகூட இல்லை. மற்ற மூன்றும் உங்கள் ப்ராஜெக்ட்டுக்கு வேண்டாம், விட்டுவிடுங்கள். இதற்கெல்லாம் தனித்தனியாகக் காசு கேட்பது, டிக்கெட்டைக் கிழித்துத் தர ஒரு கூலி, மெஷினில் அடித்துத் தர ஒரு கூலி என்று கண்டக்டர் கேட்பது மாதிரி.

நீங்கள் செய்யப்போகும் வேலைகள் மூன்றுதான். ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு எத்திரியத்தின் நாணயமான ஈதரை அனுப்புவது முதலாவது. இதற்கு 21,000 கேஸ், அவ்வளவுதான். இரண்டாவது, கான்ட்ராக்ட்டை ஏற்றுவது. பெறுநர் முகவரியைக் காலியாக விட்டு, தொகுத்த நிரலை உள்ளே வைத்து அனுப்பினால் நெட்வொர்க்கே அதற்கு ஒரு முகவரி கொடுத்துவிடும். தொடக்கமே 53,000 கேஸ், அதற்கு மேல் சேமிக்கப்படும் நிரலின் ஒவ்வொரு பைட்டுக்கும் 200. நிரலை நீளமாக எழுதியவர் அதிகம் கட்டுவார். மூன்றாவது, ஏற்றிய கான்ட்ராக்ட்டில் ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடுவது. அனுப்பும் தரவின் முதல் 4 பைட்டுகளைப் பார்த்துத்தான் எந்த ஃபங்ஷன் என்று கான்ட்ராக்ட் தெரிந்துகொள்கிறது.

லாட்டுக்கு ஏலம் கேட்பது இந்த மூன்றாவது வகை. புதிதாக ஒரு மதிப்பை எழுதிச் சேமிக்கவே 20,000 கேஸுக்கு மேல் போகும். முந்தைய விலையைவிடக் குறைத்துக் கேட்டால் கான்ட்ராக்ட் திருப்பி அடித்துவிடும், ஆனால் அதுவரை செலவான கேஸ் திரும்பி வராது. கூடு விலை போகாவிட்டாலும் வண்டி வாடகை கொடுத்துத்தானே ஆக வேண்டும்?

லாட் விலையைப் பார்ப்பதற்கு வருகிறேன். பார்ப்பது டிரான்சாக்‌ஷனே கிடையாது. உங்கள் கேள்விக்கு ஒரே ஒரு கணினி தன்னிடம் இருக்கும் பிரதியைப் பார்த்துப் பதில் சொல்கிறது, கையெழுத்தும் வேண்டாம், கேஸும் வேண்டாம். சாலிடிட்டி நிரலை எழுதி ஓட்டிப் பார்க்கும் ரீமிக்ஸ் தளத்தில் பொத்தான்களின் நிறத்தைக் கவனியுங்கள். நீலம் என்றால் வெறும் பார்வை. ஆரஞ்சு என்றால் எதையோ மாற்றுகிறது. சிவப்பு என்றால் கூடவே ஈதரும் வாங்கிக்கொள்ளும்.

இதில் ஒரு விலக்கு இருக்கிறது, மாணவர்கள் வழுக்கி விழுவது இங்கேதான். நீலப் பொத்தானை நீங்கள் அழுத்தினால் இலவசம். அதே ஃபங்ஷனை, ஏலத்தை முடிக்கும் ஆரஞ்சு ஃபங்ஷன் உள்ளிருந்து கூப்பிட்டால் இலவசம் இல்லை. அப்போது அது ஒரு டிரான்சாக்‌ஷனின் பகுதியாக ஓடுகிறது, சேமித்த மதிப்பு ஒன்றை முதல்முறை படிக்கவே 2,100 கேஸ். உச்ச விலையைக் கண்டுபிடிக்க, கேட்டவர் அத்தனை பேரையும் லூப் போட்டுப் படிக்கிறீர்கள் என்று வையுங்கள். 10 பேருக்கு ஒன்றும் தெரியாது. கூட்டம் ஏற ஏறச் செலவும் ஏறி, ஒரு நாள் ஒரு பிளாக்குக்கு (நெட்வொர்க் ஒரே நேரத்தில் பதியும் தொகுப்புக்கு) உள்ள கேஸ் வரம்பைத் தாண்டிவிட்டால் அந்த ஏலத்தை முடிக்கவே முடியாது. உச்ச விலையைத் தனியாக ஒரு மாறியில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: நீலப் பொத்தானை அழுத்தினாலும் ரீமிக்ஸ் கீழே ஒரு கேஸ் எண்ணைக் காட்டும். பக்கத்திலேயே, கான்ட்ராக்ட் கூப்பிட்டால் மட்டுமே இந்தச் செலவு என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். சென்டர்காரர் எண்ணைக் காட்டிவிட்டு அந்த வரியை விரலால் மறைத்திருப்பார்!

ஏலத்தில் பிந்தியவருக்குக் கான்ட்ராக்ட் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, எத்திரியப் பதிவுகளைக் காட்டும் ஈதர்ஸ்கேன் தளத்தில் 'இன்டர்னல்' என்று ஒரு தனிப் பட்டியல் தெரியும். அதையும் ஆறாவது வகை என்று விற்கப் பார்ப்பார்கள். உங்கள் டிரான்சாக்‌ஷனின் வயிற்றுக்குள் நடந்த வேலை அது, தனிக் கையெழுத்து கிடையாது.

"நாங்களே ஏற்றித் தருகிறோம்" என்பது இவர்களுடைய இன்னொரு தந்திரம். ஏல மாதிரிகளில் ஏற்றியவரையே உரிமையாளராகக் குறித்துக்கொள்ளும் வரி பெரும்பாலும் இருக்கும். அவர் ஏற்றினால் உரிமையாளர் அவர்தான், ஏலத்தை முடிக்கும் அதிகாரமும் அவருக்குத்தான். ஏற்றிய நிரலைத் திருத்த முடியாது. மறுபடி ஏற்றினால் புது முகவரி, புதுக் கட்டணம். எனக்கு வரும் கடிதங்களில் பாதி இந்த வலையில் விழுந்தவர்களுடையவை. கல்லூரிகளையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தலைப்பில் பிளாக்செயின் என்று இருந்தால் போதும், பைண்டிங் நன்றாக இருந்தால் போதும், நிரலைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அப்புறம் ப்ராஜெக்ட் சென்டர் வளராமல் என்ன செய்யும்?

உங்களுக்கு ஒரு ரூபாயும் தேவையில்லை. ரீமிக்ஸின் உள்நெட்வொர்க்கில் ஒவ்வொரு கணக்கிலும் 100 பொய் ஈதர் தயாராக இருக்கும், முதலில் அதில் ஓட்டுங்கள். பிறகு செப்போலியா என்ற சோதனை நெட்வொர்க். அதற்கான ஈதரை இலவசமாகத் தரும் 'ஃபாசெட்' தளங்கள் பல இருக்கின்றன. இதையும் விலைக்கு விற்கிறார்கள், வாங்காதீர்கள். ஒரு தளம் தரவில்லை என்றால் அடுத்ததைப் பாருங்கள். இந்த வேலைக்கென்றே ஒரு தனி வாலட் வைத்துக்கொண்டு, ஏற்றும் பொத்தானை அழுத்தும் முன் நெட்வொர்க் பெயர் செப்போலியாதானா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.