1,20,000 கி.மீ. ஓடிய பழைய போர்ஷ் பாக்ஸ்டரை ஊட்டியில் வைத்துப் பராமரிக்க முடியுமா?

2007 மாடல், 2.7 லிட்டர், மேனுவல் கியர், 1,20,000 கி.மீ. ஓட்டம் என்று எழுதியிருக்கிறீர்கள். தாராளமாக வாங்கலாம். அதே வருட வண்டி வெறும் 35,000 ஓடி, குன்னூர் பங்களா ஷெட்டில் போர்வை போர்த்தி நின்றிருந்தால்தான் நான் தயங்குவேன். கோத்தகிரியில் இதே தலைமுறை வண்டியை வைத்து ஓட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில், கிலோமீட்டரை விட்டுவிட்டு இன்ஜின் ஓடிய மணிநேரத்தைக் கேளுங்கள். இன்ஜின் கம்ப்யூட்டரில் அது பதிவாகியிருக்கும், சரியான ஸ்கேனர் போட்டால் தெரியும். 1,20,000 கி.மீ., 3,000 மணி என்றால் சராசரி வேகம் 40. நெடுஞ்சாலையில் நிதானமாக ஓடிய வண்டி. 50,000 கி.மீ.க்கும் அதே 3,000 மணி காட்டினால் சராசரி 17க்குக் கீழே போகிறது. நெரிசலிலேயே உழன்றிருக்க வேண்டும், இல்லையென்றால் மீட்டரைத் திருப்பியிருக்க வேண்டும். எந்தெந்த ஆர்பிஎம் எல்லையை எத்தனை முறை தாண்டினார்கள் என்பதும் அதே பதிவில் இருக்கும். அதையும் அச்சிட்டு வாங்குங்கள்.

எல்லோரும் பயமுறுத்தும் ஐஎம்எஸ் பேரிங் (இன்ஜினுக்குள் இருக்கும் இடைநிலை ஷாஃப்ட்டைத் தாங்கும் பேரிங்) பற்றி: 2000 முதல் 2005 வரை வந்த ஒற்றை வரிசை பேரிங்தான் அதிகம் கெட்ட பெயர் வாங்கியது. 2006 முதல் 2008 வரையிலான இன்ஜின்களில் பெரிய பேரிங் இருக்கிறது, அது போவது அபூர்வம். ஆனால் இன்ஜினைப் பிளக்காமல் அதை மாற்ற முடியாது. 2009இல் வந்த புது இன்ஜினில் அந்த ஷாஃப்ட்டே கிடையாது. உங்களுடையதற்குச் செய்ய வேண்டியது இரண்டு: ஆயில் மாற்றும்போதெல்லாம் பழைய ஃபில்டரை அறுத்து, மடிப்புகளை விரித்து உலோகத் துகள் மின்னுகிறதா என்று பார்ப்பது, நின்ற இடத்திலேயே நிறுத்தி வைக்காமல் இருப்பது. குளிரில் ஸ்டார்ட் செய்து, கடைவீதி வரை போய் அணைத்தால் ஆயில் சூடேறாது, உள்ளே ஈரம் தங்கும். மார்கழி, தை உறைபனிக் காலையில் ஆயில் சூடாகும்வரை 3,000 ஆர்பிஎம்மைத் தாண்டாதீர்கள். வாங்கும் முன் போர்ஸ்கோப் (குழாய் முனையில் உள்ள சிறு கேமரா) விட்டு சிலிண்டர் சுவரில் கீறல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அடுத்தது கூலிங். நம் மலைக்கு இதுதான் முக்கியம் என்பேன். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கூலண்ட் கொதிக்காமல் காப்பது அதன் தொட்டியின் அழுத்த மூடிதான். சின்னச் செலவை மிச்சம் பிடிக்க மூடியை மாற்றாமல் விடுவது பெரிய ஆபத்து. இன்ஜின் நடுவில் இருந்தாலும் ரேடியேட்டர்கள் முன் பம்பரின் இரு ஓட்டைகளுக்குள்ளே இருக்கின்றன. கற்பூர மரச் சருகும் சில்வர் ஓக் இலையும் அங்கே சேர்ந்து, மழையில் ஊறி, ஏசி கண்டென்சரையும் ரேடியேட்டரையும் அரித்துவிடும். மழைக்கு முன்னும் பின்னும் பம்பரைக் கழற்றி அள்ளிப் போடுங்கள். அரை நாள் வேலை, ஆனால் இந்த வண்டிக்கு இதைவிடப் பலன் தரும் வேலை வேறில்லை.

துணிக்கூரை மடிந்து இறங்கும் இடத்தில் இரு பக்கமும் தண்ணீர் வடியும் துளைகள் உண்டு. அதே சருகு அதையும் அடைக்கும். அடைத்தால் தண்ணீர் கார்பெட்டுக்கு இறங்கி, சீட்டுக்கு அடியில் ஒயர் முனைகள் பச்சை பிடிக்கும். பிறகு ஏற்படும் மின்கோளாறைக் கண்டுபிடிக்க மாதக்கணக்கில் அலைய வேண்டும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். புது டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி; ஈரம் ஏறிய பிறகு 155 வரை இறங்கிவிடலாம். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு 1,500 மீட்டர் இறங்குகிறோம், 14 கொண்டை ஊசி வளைவு. பாதி வழியில் பெடல் மெத்தென்று போனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்று புத்தகம் சொன்னாலும், பனிமூட்டத்தில் வாழும் நாம் வருடா வருடம் மாற்றுவது நல்லது. ஏறின கியரிலேயே இறங்குங்கள்.

பேட்டரி முன் டிக்கியில் இருக்கிறது, அந்த டிக்கி மின்சாரத்தில்தான் திறக்கும். பேட்டரி படுத்துவிட்டால் திறக்க, ஃபியூஸ் பெட்டியில் ஒரு சிவப்பு முனையை வெளியே இழுத்துக் கரண்ட் கொடுக்க வேண்டும். வாங்கும் அன்றே அது எங்கே என்று பார்த்து வையுங்கள்.

15 வருடம் தாண்டிய வண்டி, எனவே பதிவு புதுப்பித்த ஆர்சியைக் காட்டச் சொல்லுங்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அந்தச் செலவு வரும். வெளியூர்ப் பதிவு என்றால் நம் நீலகிரிப் பதிவான டிஎன் 43க்கு மாற்றுங்கள். கல்லட்டி வழியே மசினகுடிக்கு வெளியூர் வண்டிகளை இறங்க விடுவதில்லை.

வண்டி விலையில் கால் பங்கையாவது தனியாக எடுத்து வைக்க முடியாவிட்டால் இப்போது வாங்காதீர்கள். வாட்டர் பம்ப், கிளட்ச், முன் சஸ்பென்ஷன் புஷ், டயர் எல்லாம் இந்த வயதில் ஒன்றன்பின் ஒன்றாக வரும், பாகம் வெளிநாட்டிலிருந்து வர வாரக்கணக்கில் ஆகும். மணிநேரக் கணக்கும் போர்ஸ்கோப் படங்களும் கைக்கு வந்ததும் கருத்தில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.