பச்சையாய் எவ்வளவு, அடுப்பில் எவ்வளவு?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சமைக்காத உணவைப் பற்றியவை. ஒரே மாதிரிக் கேட்டவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

சோறு கறியை ஒரே நாளில் விட்டுட்டு பழமும் பச்சை மரக்கறியும் மட்டும் சாப்பிட்டன் டொக்டர். மூன்றாம் நாள் வயிறு ஊதி, வயிற்றோட்டமும் வந்திட்டுது. எனக்கு இது ஒத்துவராதோ? (மாங்குளம்)

உணவு ஒத்துவராமல் இல்லை தம்பி, அவசரம்தான் ஒத்துவரவில்லை. நார்ச்சத்தைப் பதப்படுத்துகிற கிருமிகள் குடலில் பெருக நாள் எடுக்கும். அதுவரை வாய்வுதான்.

சோற்றுப்பானை இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். முதல் இரண்டு கிழமையும் மத்தியானக் கோப்பையில் ஒரு கைபிடி சம்பல் மட்டும் கூட்டுங்கள். வல்லாரை, வெள்ளரிப்பிஞ்சு, துருவிய கரட், எது கிடைக்கிறதோ அது. தேங்காய்ப்பூவும் தேசிக்காய்ப் புளியும் போதும். தேங்காயை வெறும் ருசிக்கென்று நினைக்காதீர்கள். கரட்டிலும் கீரையிலும் உள்ள கரோட்டினை உடம்பு எடுக்க எண்ணெய்ப்பசை வேண்டும். அம்மம்மா செய்த சம்பலில் அது தானாகவே இருந்தது. மூன்றாம் கிழமை பின்னேரத் தேத்தண்ணியோடு வரும் பிஸ்கற்றை நிறுத்தி, ஒரு கொய்யாவோ பப்பாசித் துண்டோ எடுங்கள். முளைப்பயறு அதற்கும் பிறகு, முதலில் ஆவியில் அவித்து. பச்சைக் கோவாவும் வெங்காயமும் கடைசியில். ஒவ்வொரு படியிலும் வயிறு அமைதியாக இருந்தால்தான் அடுத்தது. இப்படிப் போனால் இரண்டு மூன்று மாதம் எடுக்கும், எடுக்கட்டும்.

மரவள்ளிக்கிழங்கை மெல்லிசாய்ச் சீவிப் பச்சையாய்த் தின்னலாம் எண்டு ஒராள் சொல்லுறார். உண்மையே? (புதுக்குடியிருப்பு)

வேண்டவே வேண்டாம். மரவள்ளியைச் சீவும்போதே அதிலிருந்து சயனைட் வெளிவரத் தொடங்கும். தோலை உரித்து, நிறையத் தண்ணீரில், மூடாமல் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். சிவப்பு போஞ்சிக் கொட்டையும் அப்படித்தான். ஊறப்போட்டு முளைக்கவிட்டாலும் நன்றாகக் கொதித்தால்தான் அதன் நஞ்சு போகும். கறந்த பாலைக் காய்ச்சாமல் குடிப்பதையும் இந்தப் பட்டியலில் சேருங்கள்.

அப்பாவுக்குக் கிட்னி வருத்தம், கிளினிக் போறார். பச்சை மரக்கறிச் சாறும் இளநீரும் குடுத்தால் சுத்தமாகும் எண்டு சொந்தக்காரர் சொல்லினம். (செட்டிகுளம்)

இந்தக் கடிதத்தைப் பார்த்ததும் முதலில் இதற்குத்தான் பதில் எழுதினேன். வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் காரணம் சரியாகப் பிடிபடாத சிறுநீரக நோய் உள்ள குடும்பங்கள் இருக்கின்றன. சொந்தக்காரரின் அன்பு அங்கேதான் ஆபத்தாகிறது. பழுதான சிறுநீரகத்தால் பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாது. இளநீர், வாழைப்பழம், கீரைச்சாறு எல்லாம் பொட்டாசியம் கூடியவை. அது இரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே குழம்பும். இவருக்கு அடுப்புத்தான் மருந்து: மரக்கறியைச் சிறிதாக வெட்டி, நிறையத் தண்ணீரில் அவித்து, தண்ணீரை வடித்துவிட்டால் பொட்டாசியத்தில் ஒரு பங்கு அதோடு போய்விடும். காமரங்கா என்று விற்கும் நட்சத்திரப்பழத்தை ஒரு துண்டுகூடக் கொடுக்காதீர்கள். அதையோ பிலிம்பிக்காயையோ சாறாக அடித்து நிறையக் குடித்து, நல்ல சிறுநீரகமே பழுதானவர்கள் இருக்கிறார்கள். எந்தப் பழம், எவ்வளவு என்பதை இரத்தப் பரிசோதனைத் துண்டைப் பார்த்து கிளினிக் டொக்டர்தான் சொல்லவேண்டும்.

மகளுக்கு 22 வயது. ஒரு வருசமாய் அடுப்பில வைச்ச எதையும் தொடுறாள் இல்லை. நல்லா மெலிஞ்சிட்டாள், நாலு மாதமாய் மாதவிடாயும் இல்லை. (கிளிநொச்சி)

அக்கா, முதலில் டொக்டரிடம் கூட்டிப்போங்கள். ஜேர்மனியின் கீசென் பல்கலைக்கழகத்தினர் 1999 இல் வெளியிட்ட ஆய்வில், நீண்டகாலம் சமைக்காத உணவையே உண்ட 45 வயதுக்குட்பட்ட பெண்களில் ஏறக்குறைய 30 வீதமானோருக்கு மாதவிடாய் குழம்பியோ முற்றாக நின்றோ இருந்தது. வயிறு நிறையும், ஆனால் சக்தி போதாது. உடம்பு முதலில் நிறுத்துவது அதைத்தான். பி12 விற்றமினையும் பார்க்கச் சொல்லுங்கள், மரக்கறியை நம்பி அது கிடைக்காது. பிள்ளையோடு சண்டை பிடிக்காமல், அவளுடைய கோப்பையில் கச்சானும் தேங்காயும் தயிரும் அவித்த முட்டையும் சேர வழி பாருங்கள்.

கீரையைக் கிணத்துத் தண்ணியில கழுவினால் போதுமோ? (ஒட்டுசுட்டான்)

மண் போக அது போதும். பச்சையாய்ச் சாப்பிடுவதானால் கடைசி அலசல் கொதித்தாறிய தண்ணீரில். வாய்க்கால் கரையில் பிடுங்கிய கீரையைச் சம்பல் போடாதீர்கள், வறையாக்குங்கள். கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் உள்ள வீட்டில் முளைப்பயறையும் அவித்தே கொடுங்கள். முளைக்கும் அந்த ஈரச்சூடு கிருமிக்கும் பிடித்தமானது.

சீனி வருத்தம் இருக்கு. இரவில சோத்துக்குப் பதிலாய்ப் பழம் மட்டும் சாப்பிடலாமோ? (மல்லாவி)

குளிசையோ ஊசியோ எடுப்பவர் என்றால் டொக்டரைக் கேட்காமல் மாற்றாதீர்கள் ஐயா, நடுச்சாமத்தில் சீனி இறங்கிவிடலாம். சோற்றைக் குறைத்துச் சம்பலைக் கூட்டுவது உங்களுக்கு நல்லது. பழத்தைச் சாறாக்காமல் கடித்தே தின்னுங்கள்.

பாலைப்பழம் எவ்வளவு தின்னலாம்? (நெடுங்கேணி)

உதடு ஒட்டும் வரைக்கும். சீனி வருத்தக்காரர் மட்டும் அதற்கு முந்தியே நிறுத்துங்கள்.