பேரப்பிள்ளையின் பெயரை மறந்த அம்மம்மா கும்மிப்பாட்டை மட்டும் எப்படி முழுதாகப் பாடுகிறா?

டிமென்சியா என்னும் மறதிநோயில் மூளைக் கலங்கள் பழுதடைகின்றன. அதில் அதிகம் காணப்படும் அல்சைமர், புதிய நினைவுகளைப் பதிக்கும் பகுதியையே முதலில் தாக்கும். இளமையில் திரும்பத் திரும்பப் பாடி ஆடியவை வேறு பகுதிகளிலும் ஊறியிருப்பதால் நெடுநாள் தங்கும். பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லலாம்: மாரி மழையில் புது ஒற்றையடிப் பாதை அழிந்துவிடும், பழைய வண்டில் தடம் லேசில் அழியாது.

சேர்ந்து பாடுவதற்கு, அம்மம்மாவைக் கைபிடியுள்ள கதிரையில் இருத்துங்கள். எழுந்து ஆடினால் விழக்கூடும். தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, பிள்ளை எதிரே இருந்து முதலடியை மெதுவாகப் பாடிக் கைதட்டட்டும். பிறகு பொறுத்திருக்கவேணும், அடுத்த அடி வரப் பத்து விநாடியும் ஆகலாம். "ஞாபகம் இருக்கா?" என்று கேட்கவே வேண்டாம், அது பரீட்சைபோலாகி அவவைக் கலங்கவைக்கும். கோயில் ஒலிபெருக்கி அலறும் நேரத்தையும் தவிருங்கள்.

பாட்டு வருவதால் அவ மறதியை நடிக்கிறா என்றோ, நோய் மாறிவிட்டது என்றோ நினைப்பது தவறு.