இலங்கைப் பொருளாதாரம்: எதுவரை மீண்டிருக்கிறோம்? கேள்வி பதில்

கேள்வி (கிளிநொச்சியிலிருந்து ஓர் ஆசிரியை): 2024இல் பொருளாதாரம் 5 சதவீதம் வளர்ந்ததாம். எங்கள் வீட்டில் அதன் அடையாளமே இல்லையே, ஐயா?

பதில்: 2021இல் நாட்டின் மொத்த உற்பத்தியை 100 என்று வையுங்கள். 2022இல் 7.3 சதவீதம் சுருங்கியது, 92.7. அடுத்த ஆண்டு இன்னும் 2.3 சதவீதம் போய் 90.6. 2024இன் 5 சதவீதம் இந்த 90.6இன் மேல்தான் ஏறியது. வந்து சேர்ந்த இடம் 95. விழுந்த பள்ளத்தில் பாதிதான் ஏறியிருந்தோம். அந்த ஏற்றமும் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைக்கவில்லை. உலக வங்கியின் கணிப்பில் 2021இல் 13 சதவீதமாக இருந்த வறுமை 2022இல் 25 சதவீதமானது. உற்பத்தி மீளும் வேகத்தில் வறுமை இறங்காது. விற்ற நகையையும் நிறுத்திய படிப்பையும் ஓராண்டு வளர்ச்சி திருப்பித் தராது.

கேள்வி (ஒரு பலசரக்குக் கடைக்காரர்): பணவீக்கம் மைனசுக்குப் போன மாதத்திலும் "ஏன் இன்னும் பழைய விலைக்கு வரவில்லை" என்று வாடிக்கையாளர்கள் என்னோடு சண்டை பிடித்தார்கள். என்ன பதில் சொல்வது?

பதில்: பணவீக்கம் என்பது விலை ஏறும் வேகம், விலை நிற்கும் உயரம் அல்ல என்று சொல்லுங்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஓராண்டில் 69.8 சதவீதம் ஏறியிருந்தது. 100 ரூபாய்ச் சாமான் 170 ஆனது. 2025 பெப்ரவரியில் 4.2 சதவீதம் இறங்கியது. 170இல் 4.2 சதவீதம் சுமார் 7 ரூபாய்தான். இடையில் ஏறியதை விட்டுவிட்டாலும் 163 ரூபாய் கொடுத்தாக வேண்டும். அந்த இறக்கத்திலும் பெரும் பங்கு 2025 ஜனவரியின் மின் கட்டணக் குறைப்புக்கு உரியது. உங்கள் தட்டில் இருக்கும் சாமானின் விலையில் அது நேரடியாகத் தெரியாது. பழைய விலை திரும்பும் என்று காத்திருக்க வேண்டாம். சம்பளம் இந்த விலையை எட்டிப் பிடிக்கிறதா என்பதுதான் கேள்வி.

கேள்வி (ஒரு மாணவர்): பெற்றோல் வரிசை மறைந்ததே, அதற்கு டொலர் எங்கிருந்து வந்தது?

பதில்: முதலில், வெளியே போவது நின்றது. 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனில் பெரும்பகுதிக்கான கொடுப்பனவை அரசு இடைநிறுத்தியது. எரிபொருளைப் பங்கிட்ட கியூ.ஆர். குறியீட்டு முறையும் இறக்குமதித் தடைகளும் செலவைச் சுருக்கின.

ஆனால் பலர் கவனிக்காத காரணம் நாணயமாற்று வீதம். 2022 மார்ச்சுக்கு முன் டொலர் ஒன்றை 200 ரூபாயைச் சுற்றியே கட்டிவைத்திருந்தார்கள். உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே பணம் அனுப்பும் வழியில், அதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும்போது வங்கியில் யார் போடுவார்கள்? புலம்பெயர் தொழிலாளர் வங்கி வழியாக அனுப்பியது 2020இல் 7.1 பில்லியன் டொலர், 2021இல் 5.5, 2022இல் 3.8. வீதத்தை விட்டதும் ரூபாய் 360 வரை சரிந்தது, அது கொடுமைதான். ஆனால் வங்கிக்கும் உண்டியலுக்கும் இடையிலான இடைவெளி மூடியதும் பணம் வங்கிக்குத் திரும்பியது: 2023இல் கிட்டத்தட்ட 6 பில்லியன், 2024இல் 6.6. சுற்றுலாவும் மீண்டது, 2024இல் 20 இலட்சத்துக்கு மேல் வந்தார்கள். சர்வதேச நாணய நிதியம் 2023 மார்ச்சில் ஒப்புக்கொண்டது நான்கு ஆண்டுகளில் தவணையாகத் தரும் சுமார் 3 பில்லியன்தான். அதன் பெறுமதி பணத்தைவிட, மற்றக் கடன்காரர்களைப் பேச்சுக்குக் கொண்டுவந்ததில் இருக்கிறது.

கேள்வி (ஓய்வுபெறப் போகும் ஒருவர்): கடன் மறுசீரமைப்பில் எங்கள் ஊழியர் சேமலாப நிதியத்தில் கை வைத்தார்களா?

பதில்: அசல் தொகை குறையவில்லை. நிதியத்திடம் இருந்த திறைசேரி முறிகள் (அரசின் நீண்ட காலக் கடன் பத்திரங்கள்) 2023இல் புதிய முறிகளாக மாற்றப்பட்டன. வட்டி 2026 வரை 12 சதவீதம், அதன் பின் 9. ஆகவே எதிர்கால வருமானத்தில் இழப்பு உண்டு. ஆனால் பெரிய அடி அதற்கு முன்பே விழுந்துவிட்டது. 2022க்கு நிதியம் கொடுத்தது 9 சதவீதம். அந்த ஆண்டின் சராசரிப் பணவீக்கம் 46.4. 10 இலட்சம் வைத்திருந்தவருக்கு 10.9 இலட்சமானது. 10 இலட்சத்துக்கு வாங்கக்கூடியதோ 14.6 இலட்சமாகிவிட்டது. ஒரே ஆண்டில் சேமிப்பின் பெறுமதியில் கால்வாசி போனது, யாரும் கையெழுத்துக் கேட்காமலே. உழைத்தவர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி என்றே இதைச் சொல்வேன்.

கேள்வி (அதே மாணவர்): திரும்பவும் காசு அச்சடித்தால்?

பதில்: 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம் அரசின் திறைசேரி உண்டியல்களையும் (குறுகிய காலக் கடன் பத்திரங்கள்) முறிகளையும் முதல்நிலைச் சந்தையில், அதாவது அரசு முதன்முதலாக விற்கும்போதே, மத்திய வங்கி நேரடியாக வாங்குவதைத் தடுக்கிறது. நல்ல பூட்டு. ஆனால் அச்சடிக்கும் தேவை பிறப்பது வரி வராதபோது. 2019 டிசெம்பரில் வற் வரியை (பெறுமதி சேர் வரி) 15இலிருந்து 8 சதவீதமாக வெட்டினார்கள். பள்ளத்தை நிரப்பியதில் பெரும்பங்கு மத்திய வங்கியின் பணம். 2024இல் வற் 18 சதவீதத்துக்கு வந்துவிட்டது. ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒரே வீதம் என்பதால் எனக்கு இது உவப்பில்லை; வருமான வரியின் பங்கு கூட வேண்டும்.

கேள்வி (வவுனியாவிலிருந்து ஒரு வாசகர்): வாகன இறக்குமதியைத் திறந்தார்கள். 2028இல் வெளிநாட்டுக் கடனைப் பெருமளவில் கட்டத் தொடங்கும்போது மறுபடி விழுவோமா அண்ணா?

பதில்: 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குத் திறந்தது தவறில்லை, தம்பி. சுங்க வரி வருமானமும் அதில் வருகிறது. பார்க்க வேண்டியது மத்திய வங்கி மாதாமாதம் வெளியிடும் வெளிநாட்டு நாணய ஒதுக்குத் தொகை. அதில் சீனாவின் மத்திய வங்கியான சீன மக்கள் வங்கியுடனான நாணயப் பரிமாற்ற ஒப்பந்தத்தின் சுமார் 1.4 பில்லியன் டொலரும் அடங்கும். அதைப் பயன்படுத்த நிபந்தனை உண்டு, ஆகவே கழித்துவிட்டுப் பாருங்கள். மீதியை மாத இறக்குமதிச் செலவால் வகுங்கள். மூன்று மாதத்துக்குக் கீழே இறங்கினால் கவலைப்படலாம். அடுத்தது, அரசின் வரவு செலவை, கடன் வட்டியை விட்டுவிட்டுப் பார்க்கும் முதன்மை மீதி. 2023இலும் 2024இலும் மிகையாக இருந்தது. பற்றாக்குறைக்குத் திரும்பினால் அதுதான் முதல் எச்சரிக்கை. இன்னொன்று: 2024 டிசெம்பரில் மாற்றப்பட்ட சர்வதேச முறிகளில் ஒரு பகுதி, 2025 முதல் 2027 வரையான நம் உற்பத்தியின் டொலர் பெறுமதியோடு கட்டப்பட்டிருக்கிறது. பொருளாதாரம் எதிர்பார்த்ததைவிட வளர்ந்தாலோ, ரூபாய் பலமாக நின்றாலோ, 2028 முதல் நாம் கட்டவேண்டிய தொகையும் கூடலாம்.