பெடலை மிதித்துக் கேட்ட அமெரிக்கா: வாசகர் கேள்வி பதில்

1999 முதல் 2013 வரை மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலையில் இருந்தேன். அமெரிக்க டாக்டர்கள் போனில் சொல்லிப் பதிவுசெய்த நோயாளிக் குறிப்புகளை, சென்னையில் இரவு ஷிஃப்டில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டு டைப் அடிக்க வேண்டும். புரியாவிட்டால் காலடியில் இருக்கும் பெடலைத் தட்டினால் பதிவு இரண்டு விநாடி பின்னால் போகும். அப்போதும் பிடிபடவில்லை என்றால் அந்த இடத்தைக் காலியாக, ‘பிளாங்க்’ விட வேண்டியதுதான். போன இதழில் அந்த நாட்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு அமெரிக்க ஆக்ஸென்ட் பற்றிக் கேட்டு வந்த கடிதங்களை இந்த முறை எடுத்துக்கொள்கிறேன்.

என் மகன் அலபாமா மாநிலம் பர்மிங்காமில் ஆறு வருடமாக இருக்கிறான். வீடியோ காலில் பேசும்போது பார்க்கிறோம். ஆபீஸ் போன் வந்தால் ஒரு இங்கிலீஷ், பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்தால் இழுத்து இழுத்து வேறொரு இங்கிலீஷ். “இது என்ன வேஷம்?” என்று அவன் அப்பா கோபப்படுகிறார். வேஷம்தானா?
— ஒரு தாய், ஈரோடு

வேஷம் இல்லை அம்மா. அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர்களும் அதைத்தான் செய்கிறார்கள்.

நான் காதால் கேட்டதைச் சொல்கிறேன். தென் மாநிலத்து டாக்டர் ஒருவர், வயதானவர். ஊர் பெயர் வேண்டாம். டிஸ்சார்ஜ் சம்மரி சொல்லும்போது நிறுத்தி நிதானமாக, செய்தி வாசிப்பவர் மாதிரி சொல்வார். ‘டைம்’ என்றால் டைம், ‘நைன்’ என்றால் நைன். ஒரு நாள் பாதியில் கதவு தட்டும் சத்தம். ரிசீவரைக் கீழே வைக்காமலே வந்தவரிடம் பேசினார். நாற்பது விநாடி இருக்கும். ‘டைம்’ டாம் ஆயிற்று, ‘ஃபைன்’ ஃபான் ஆயிற்று, குரலே ஒரு படி கீழே இறங்கித் திண்ணையில் உட்கார்ந்துகொண்டது. கதவு சாத்தியதும் அடுத்த வாக்கியத்தில் மறுபடி ‘டைம்’. டைப் அடிக்க வேண்டிய பகுதியே இல்லை அது. ஆனாலும் மூன்று தடவை பெடலைத் தட்டிக் கேட்டேன். அதுவரை எனக்குப் பழக்கமான டாக்டரும் அந்த நாற்பது விநாடி டாக்டரும் ஒரே ஆள். இரண்டில் எது பொய் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. இரண்டுமே அவர் பேச்சுதான்.

இதை முறையாக அளந்து காட்டியவர் வில்லியம் லபோவ். மை தயாரிப்புத் தொழிலில் வேதியியலாளராக இருந்துவிட்டு மொழியியலுக்கு வந்தவர். 1962இல் நியூயார்க்கின் மூன்று பல்பொருள் அங்காடிகளுக்குப் போனார். பணக்காரர்கள் போகும் சாக்ஸ் ஃபிஃப்த் அவென்யூ, நடுத்தர மக்களின் மேசீஸ், விலை மலிந்த எஸ். க்ளைன். நான்காவது மாடியில் இருக்கும் பொருளாகப் பார்த்து, அது எங்கே என்று கடை ஊழியரிடம் கேட்பார். “ஃபோர்த் ஃப்ளோர்” என்று பதில் வரும். காதில் விழாததுபோல் குனிந்து “எக்ஸ்க்யூஸ் மீ?” என்பார். ஊழியர் இன்னொரு தடவை, இப்போது அழுத்தி, “ஃபோர்த் ஃப்ளோர்” என்பார். ஒரே ஆளிடம் சாதாரணப் பேச்சும் கிடைத்தது, கவனித்துப் பேசும் பேச்சும் கிடைத்தது. பழைய நியூயார்க் பேச்சு அந்த இரண்டு சொல்லிலும் ‘ர்’ஐ விழுங்கிவிடும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ‘ர்’ சொல்வதுதான் மதிப்பு என்று காற்று திரும்பியிருந்தது. 264 பேரிடம் கேட்டார். எங்காவது ஓர் இடத்திலாவது ‘ர்’ சொன்னவர்கள் சாக்ஸில் 62 சதவீதம், மேசீஸில் 51, க்ளைனில் 20. இரண்டாம் தடவை அழுத்திச் சொன்னபோது ‘ர்’ கூடியது. அந்த ஊழியர்கள் யாரும் யோசித்துச் செய்யவில்லை. எதிரில் நிற்பவருக்கும் நிற்கும் இடத்துக்கும் ஏற்ப நாக்கு தானாகத் திரும்பியது.

டிவி உரையாடல் நிகழ்ச்சியால் புகழ்பெற்ற ஓப்ரா வின்ஃப்ரேயின் பேச்சையும் 1999இல் மூன்று மொழியியலாளர்கள் ஆராய்ந்தார்கள். அவர் பிறந்தது மிசிசிப்பி, நிகழ்ச்சி நடத்தியது சிகாகோ. விருந்தினரை அறிமுகம் செய்யும்போது, வரப்போகிறவர் கறுப்பினத்தவர் என்றால் ஓப்ராவின் ‘ஐ’ ஒலி தெற்கத்திய ‘ஆ’ பக்கம் அதிகம் சாய்ந்தது. விருந்தினர் மேடைக்கு வரும் முன்பே, பெயரைச் சொல்லும்போதே!

உங்கள் மகன் விஷயத்தில் ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். பழகப் பழகத் தானாக ஒட்டிக்கொள்ளும் இழுவை வேறு, அந்தப் பெரியவரைப் போலவே பேசிக் காட்டுவது வேறு. இரண்டாவது அவர் மனதைப் புண்படுத்தும். தென் மாநிலத்துக்காரர்கள் தங்கள் பேச்சைச் சினிமாவிலும் வடக்கத்தியர் வாயிலும் கேலியாகக் கேட்டுக் கேட்டுப் புண்பட்டவர்கள். ஆறு வருடத்தில் வந்த இழுவை என்றால் அது ஒட்டிக்கொண்டதாகத்தான் இருக்கும். ‘யால்’ என்கிறானா என்று கவனித்துப் பாருங்கள். குடிபோனவர்கள் நாக்கில் முதலில் ஏறும் சொல் அதுதான். ‘நீ’க்கும் ‘நீங்கள் எல்லாரும்’ என்பதற்கும் ஒரே ‘யூ’வை வைத்துக்கொண்டு திண்டாடும் மொழியில் ‘யால்’ எவ்வளவு உபயோகமான சொல்! அதே குறைக்குப் பிட்ஸ்பர்க்காரர்கள் ‘யின்ஸ்’ என்று தனியாக ஒன்று வைத்திருக்கிறார்கள்.

இன்சூரன்ஸ் கால் சென்டரில் சேர்ந்திருக்கிறேன். டெக்சஸ், ஜார்ஜியா அழைப்பு என்றாலே கை நடுங்குகிறது. எப்படிப் பழகுவது?
— கோயம்புத்தூர் வாசகர்

தம்பி, ஊருக்கு ஊர் எந்த ஒலி எங்கே நகர்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும்.

தெற்கில் முதலில் பிடிக்க வேண்டியது ‘ன்’, ‘ம்’ முன்னால் வரும் ‘எ’. அது ‘இ’ ஆகிவிடும். ‘பென்’னும் ‘பின்’னும் ஒன்றுதான், ‘டென்’ என்பது ‘டின்’. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ‘இன்சுலின் பென்’னை நான் ‘இன்சுலின் பின்’ என்று அடித்து, பிழை திருத்தும் க்யூஏ அக்கா சிவப்பில் சுழித்து அனுப்பினார். ஆனால் ‘பெட்’, ‘பிட்’ தனித்தனியாகத்தான் கேட்கும், அங்கே மூக்கொலி இல்லையே. அந்த ஊர்க்காரர்களுக்கே இந்தக் குழப்பம் உண்டு. அதனால் எழுதும் பேனாவை ‘இங்க் பென்’ என்று சேர்த்தே சொல்வார்கள். அடுத்தது ‘ஐ’: ‘நைன்’ நான் ஆகும், ‘ஃபைவ்’ ஃபாவ் ஆகும். ‘ஆயில்’ என்பது ‘ஆல்’ என்று விழும். ‘டயர்ட்’ என்பது ‘டார்ட்’.

பாஸ்டன் பக்கம் கதையே வேறு. ‘ஹார்ட்’டில் இருக்க வேண்டிய ‘ர்’ காணாமல் போகும், இல்லாத இடத்தில் வந்து ஒட்டும். ‘நிமோனியா அண்ட் ஃபீவர்’ என்பதில் ‘நிமோனியர் அண்ட்’ என்று ஒரு ‘ர்’ முளைக்கும். உயிரெழுத்து இரண்டு அடுத்தடுத்து வந்தால் நடுவே போடும் பாலம் அது. சிகாகோ, டெட்ராய்ட், பஃபலோ என்று பெரிய ஏரிகளை ஒட்டிய நகரங்களில் உயிரொலிகள் வரிசையாக இடம் மாறியிருக்கின்றன. நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசி ‘நர்வ் பிளாக்’. சிகாகோ டாக்டர் வாயில் அந்த ‘ஆ’ கறுப்பு நிறத்தைச் சொல்லும் சொல்லின் பக்கம் நகர்ந்து, என்னமோ கறுத்த நரம்பு என்பதுபோல் காதில் விழும். நான் விட்ட பிளாங்குகளில் அதுவும் ஒன்று. இளையவர்களிடம் இந்த மாற்றம் இப்போது குறைந்து வருகிறது.

எண்களை மட்டும் ஊகிக்கவே ஊகிக்காதீர்கள். பழகிய டாக்டர்கள் 15 என்று சொன்ன கையோடு ‘ஒன் ஃபைவ்’ என்றும் சொல்லிவிடுவார்கள், 50 என்று கேட்டுவிடக் கூடாதே என்று. நீங்களும் அப்படியே திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள். வாடிக்கையாளர் அதைக் குறையாக நினைக்க மாட்டார். பயிற்சிக்கு என்ன கேட்கலாம் என்றால், அமெரிக்கச் சிறு நகரங்களின் நகர்மன்றக் கூட்டப் பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன. தலைவர் தீர்மானத்தை வாசிக்கும்போது ஒரு பேச்சு, சாக்கடை அடைப்பைப் பற்றிச் சண்டை வந்ததும் வேறு பேச்சு. ஒரே மணி நேரத்தில் இரண்டையும் கேட்டுவிடலாம்.

‘உண்மையான’ அமெரிக்க உச்சரிப்பு எது? அதை மட்டும் கற்றுக்கொள்கிறேன்.
— கல்லூரி மாணவி, மதுரை

அப்படி ஒன்று இல்லை. எந்த ஊர் என்று காட்டிக்கொடுக்காத ஒரு பேச்சைப் பொதுப் பேச்சு என்கிறார்கள், அவ்வளவுதான். அதுவும் காலத்துக்குக் காலம் மாறுவது. அமெரிக்க அதிபர் ஃப்ராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் 1933 பதவியேற்பு உரைப் பதிவைக் கேளுங்கள். பல சொற்களின் கடைசியில் ‘ர்’ இருக்காது. அன்றைக்கு அது மேட்டுக்குடிப் பேச்சு. ‘ர்’ஐ விடும் அதே பழக்கம்தான் முப்பது வருடம் கழித்து க்ளைன் கடை ஊழியரிடம் மதிப்புக் குறைவாகப் பார்க்கப்பட்டது.

என்னுடன் வேலை செய்யும் கறுப்பினத் தோழி எங்களோடு ஒரு மாதிரி பேசுவாள். வங்கிக்கோ வீட்டு உரிமையாளருக்கோ போன் போட்டால் குரலே மாறிவிடும். கேட்டால், “வேறு வழி இல்லை” என்கிறாள். ஏன் அப்படி?
— நியூ ஜெர்சி வாசகி

உங்கள் தோழி சொன்னது அப்படியே உண்மை. முதல் கேள்விக்குச் சொன்ன பதிலை இங்கே நீட்ட எனக்கு மனம் வரவில்லை. நாக்கு தானாகத் திரும்புவது ஒன்று, திருப்பாவிட்டால் வீடு கிடைக்காது என்பது இன்னொன்று.

ஜான் பா என்ற கறுப்பின மொழியியலாளர் கலிஃபோர்னியாவில் வாடகைக்கு வீடு தேடியபோது, போனில் ‘வாருங்கள்’ என்றவர்கள் நேரில் பார்த்ததும் ‘இல்லை’ என்றார்கள். போனில் அவர் பேசியது பொது ஆங்கிலம். சிறு வயதிலிருந்தே பலவிதப் பேச்சுகளின் நடுவே வளர்ந்தவர் என்பதால் கறுப்பின வழக்கு, மெக்சிகோ வம்சாவளியினரின் வழக்கு, பொது வழக்கு என மூன்றும் அவருக்கு இயல்பாக வரும். மூன்றிலும் தானே, அதே ஒரு வாக்கியத்தைச் சொல்லி, சான் ஃப்ரான்சிஸ்கோ சுற்றுவட்டார வாடகை விளம்பரங்களுக்குப் போன் செய்தார். 1999இல் வெளியான அந்த ஆய்வில், வெள்ளையர் மிகுந்த வுட்சைடில் பொது வழக்குக்கு 100க்குச் சுமார் 70 தடவை வீடு பார்க்க அழைப்புக் கிடைத்தது. கறுப்பின வழக்குக்குச் சுமார் 29, மெக்சிகோ வழக்குக்கு 22. பேசியவர் ஒரே மனிதர். ‘ஹலோ’ என்ற ஒரு சொல்லை மட்டும் கேட்கவைத்தபோதும், பெரும்பாலானோர் எந்த வழக்கு என்று சரியாகச் சொல்லிவிட்டார்கள்.

1968இன் நியாய வீட்டுவசதிச் சட்டம் இனம் பார்த்து வீடு மறுப்பதைத் தடை செய்கிறது. ஆனால் முகத்தைப் பார்க்காமல், “இடம் போய்விட்டது” என்று போனை வைத்துவிடுபவரைப் பிடிப்பது கஷ்டம். உங்கள் தோழி ஒவ்வொரு அழைப்புக்கும் முன்னால் மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு பேசுகிறாளே, அது உழைப்பு. சம்பளம் இல்லாத உழைப்பு. அவளிடம் இதைப் பற்றிக் கேட்டதற்காக வருத்தப்பட வேண்டாம். கேட்டவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள்.

டிவியும் இணையமும் வந்த பிறகு இந்த வட்டார உச்சரிப்பெல்லாம் அழிந்துவிடாதா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், திருச்சி

சில தேயும் ஐயா, சில வலுக்கும். மாசசூசெட்ஸ் கடலோரத்தில் மார்த்தாஸ் வின்யார்ட் என்று ஒரு தீவு. லபோவ் நியூயார்க்கை ஆராய்வதற்கு முன்பே, 1961இல் அங்கே போனார். நிரந்தரமாகக் குடியிருந்தவர்கள் 6,000 பேருக்கும் குறைவு. கோடையில் 40,000க்கும் மேல் சுற்றுலாவாசிகள் வந்து இறங்குவார்கள். கரையோர வீடுகளை வெளியூர்க்காரர்கள் வாங்கிக்கொண்டே போனார்கள். இவ்வளவு வெளியாட்கள் வந்தால் தீவுப் பேச்சு கரைந்துபோகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் ‘ரைட்’, ‘ஹவுஸ்’ போன்ற சொற்களில் வாயை அகலத் திறக்காமல், நாக்கை நடுவில் நிறுத்திச் சொல்லும் பழைய தீவு ஒலி கூடிக்கொண்டிருந்தது. சில்மார்க் பகுதி மீனவர்களிடம் மிக அதிகம். ஊரை விட்டுப் போக நினைத்த இளைஞர்களிடம் அது குறைவு, தங்க முடிவெடுத்தவர்களிடம் அதிகம்.

அங்கே ஒரு தாய் தன் மகனைப் பற்றி லபோவிடம் சொன்னதை ஈரோட்டு அம்மாவும் கேட்க வேண்டும். அவன் முன்பெல்லாம் இப்படிப் பேசியதில்லை, கல்லூரி முடித்து வெளியூரிலிருந்து திரும்பி வந்த பிறகுதான் இந்தப் பேச்சு வந்தது, படகுத்துறையில் நிற்கும் ஆட்களைப் போல இருக்க வேண்டும் என்று நினைத்தான் போலிருக்கிறது என்றாராம்.